பனையென்று நகைத்தனர், பந்தெறிந்து வென்றார்!

எமது தமிழ்க் குடும்பங்களிலே ஆண்பிள்ளை உயர்ந்து வளர்ந்தால் அதனை அழகு என்கிறோம். பெண்பிள்ளை உயர்ந்து வளர்ந்தாலோ தாயின் நெஞ்சிலே கவலை முளைத்துவிடுகின்றது. "இந்த உயரத்திற்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது?" என்று உறவினர் வினவத் தொடங்குவர். வீதியிலே நிற்கும் வாலிபர் "பனை போகிறது" என்பர். வகுப்புத் தோழியர் "கொக்கு" என்று பட்டப்பெயர் சூட்டுவர். அப்பிள்ளையும் தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி, தன்னைச் சிறிதாக்கிக்கொண்டு நடக்கப் பழகிவிடுவாள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் களனியிலும் வாழும் நம்மவர் வீடுகளிலே இத்தகைய பிள்ளைகள் இல்லாமலில்லை.

அவ்வாறு நகைக்கப்பட்ட ஒரு பெண், அதே உயரத்தைக்கொண்டு தாய்நாட்டிற்கு ஆசியக் கிண்ணத்தை வென்று கொடுத்து, கடல் கடந்து அவுஸ்திரேலியக் கழகமொன்றின் வீராங்கனையாகவும் விளங்கிய வரலாற்றை இவ்வாரம் வாசக நேயர்களுக்குக் கூற விரும்புகின்றோம். அவர்தாம் தர்ஜினி சிவலிங்கம். அவருடைய உயரம் 2.08 மீற்றர், பழைய கணக்கிலே ஆறடி பத்து அங்குலம். உலக வலைப்பந்தாட்ட வீராங்கனைகளுள் மிக உயரமானவர் என்று பேசப்பட்டவர்.

இவ்வுயரம் எத்தகையது என்பதை உணர ஓர் ஒப்புமை கூறுவோம். 1958ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே உயரம் பாய்தலில் இலங்கைக்குத் தங்கப்பதக்கம் பெற்றுத் தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை நம்மிற் பலர் அறிவர். அன்று அவர் தாண்டிய உயரம் 2.03 மீற்றர். தர்ஜினி நிமிர்ந்து நின்றால் அந்தக் குறுக்குத்தடி அவருடைய தலைக்குக் கீழேதான் இருக்கும்!

கூடையிலிருந்து பிறந்த வலை

தர்ஜினி ஆடிய ஆட்டம் வலைப்பந்தாட்டம். கொழும்பு வாழ் இளைஞர்களுக்குக் கூடைப்பந்தாட்டமே கூடுதலாகப் பழக்கமானது. கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ற் கல்லூரியின் பெயரைக் கேட்டதும் கூடைப்பந்தாட்டத்தை நினைப்போர் பலர். இவ்விரண்டு ஆட்டங்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம்.

1891ஆம் ஆண்டின் பனிக்காலத்திலே அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் கனடிய ஆசிரியர் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்திலே தொங்கவிட்டு மாணவர்களைப் பந்தெறியச் செய்தார். அதுவே கூடைப்பந்தாட்டத்தின் பிறப்பு. சில ஆண்டுகளில் அது இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரிகளுக்குச் சென்றது. அங்கே பெண்களுக்கென விதிகள் மாற்றப்பட்டு, கூடை இருந்த இடத்தில் வலை தொங்கும் வளையம் வந்து, வலைப்பந்தாட்டம் தனி ஆட்டமாயிற்று. அவுஸ்திரேலியாவிலோ 1970ஆம் ஆண்டு வரையில் இதற்குப் 'பெண்கள் கூடைப்பந்தாட்டம்' என்றே பெயர் வழங்கியது.

இவ்வாட்டத்தின் வரலாற்றிலே நமது நாட்டிற்கும் சிறப்பான இடம் உண்டு. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்குவதற்கு 1960ஆம் ஆண்டு பல நாடுகளின் பிரதிநிதிகள் கூடிய இடம் இலங்கையே. 1963ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்ண் நகரில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றபோது, பங்குபற்றிய பதினொரு அணிகளுள் இலங்கையும் ஒன்றாயிருந்தது.

இனி, ஆட்டத்தின் முறையைச் சிறிது நோக்குவோம். ஓர் அணியில் எழுவர். கூடைப்பந்தாட்டத்தைப் போலப் பந்தைத் தரையிலே தட்டிக்கொண்டு ஓட முடியாது. பந்து கைக்கு வந்தவர் மூன்று வினாடிக்குள் அதனை இன்னொருவருக்கு எறிந்தாக வேண்டும். கோல் இடுபவராயின் அந்நேரத்துள் எய்துவிட வேண்டும். எழுவருள் இருவர் மாத்திரமே கோல் இடும் உரிமையுடையவர். அவர்களும் வளையத்தைச் சுற்றி வரையப்பட்ட அரைவட்டத்துள் நின்றுதான் எய்தல் வேண்டும். வளையத்தின் உயரம் 3.05 மீற்றர், அதற்குப் பின்னே பந்து பட்டுத் திரும்புவதற்குப் பலகை கிடையாது. எய்பவரைத் தடுக்க வருபவர் 0.9 மீற்றர் தள்ளியே நிற்க வேண்டும்.

இவ்விதிகளைப் படிக்கும்போதே உயரத்தின் பயன் புலப்படும். தடுப்பவரின் கைக்கு எட்டாத உயரத்திலே பந்தைப் பிடித்து, அந்த உயரத்திலிருந்தே வளையத்தை நோக்கி எறியவல்ல ஒருவர் கிடைத்தால், அணிக்கு அது பெரும் பேறு.

போரிடையே ஒரு பள்ளிப் பருவம்

தர்ஜினி 1979ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சார்ந்த ஈவினை என்னும் சிற்றூரிலே பிறந்தவர். வசாவிளான் மத்திய மகா வித்தியாலயத்திலே கல்வி பயின்றார். இப்பெயர்களைக் கேட்ட மாத்திரத்திலேயே அப்பகுதியை அறிந்தவர்களுக்கு ஏனைய கதை விளங்கிவிடும். பலாலி இராணுவத் தளத்தை அண்டிய வசாவிளான் மக்கள் 1990ஆம் ஆண்டிலே வீடுவாசல்களை விட்டு வெளியேற நேர்ந்தது, பாடசாலையும் இடம்பெயர்ந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து மழையிலே வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. அக்காலத்திலே தர்ஜினிக்கு வயது பதினாறு.

அத்தகைய சூழலிலே வளர்ந்த ஒரு தலைமுறைக்கு விளையாட்டு என்பது என்ன? உணவிற்கும் உறைவிடத்திற்கும் அடுத்தபடியாகக் கல்வி. கல்விக்குப் பின்னர் நேரமும் நிலமும் எஞ்சினால் விளையாட்டு. மண்ணெண்ணெய் விளக்கிலே படித்துப் பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைகளை நாம் போற்றுகின்றோம், அது தகும். ஆயின் அதே காலத்திலே, வளையம் ஒன்றைக் கம்பத்திலே கட்டிப் பிள்ளைகளை மாலையிலே ஆடவிட்ட ஆசிரியர்களையும் நாம் மறத்தலாகாது. உயரத்திற்காகக் கேலி செய்யப்பட்ட பெண்ணை அழைத்து, "நீ இங்கே வந்து நில், பந்தைப் பிடி" என்று கூற ஒருவராவது இருந்தாலன்றி, அவ்வுயரம் கேலிப் பொருளாகவே முடிந்திருக்கும்.

பல்கலைக்கழகத் திடலிலே

பாடசாலையை விட்டதும் எமது பெண்பிள்ளைகளிற் பெரும்பாலோர் விளையாட்டையும் விட்டுவிடுகின்றனர். தர்ஜினியின் வாழ்விலோ அவ்விடத்திலேதான் புதிய வாயில் திறந்தது. உயர்கல்விக்காக அவர் சென்ற இடம் மட்டக்களப்பு வந்தாறுமூலையிலே அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகம். வடக்கிலிருந்து கிழக்கிற்குச் சென்ற அந்த மாணவி, பாடநூலோடு பந்தையும் கையிலே கொண்டார். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகள் நாட்டின் பல பாகத்து மாணவரும் பயிற்றுநரும் ஒன்றுகூடும் இடமன்றோ? அத்தகைய களத்தில் நிற்பவரைத் தலைநகரத்தின் கண்களும் காணும்.

அமெரிக்க நாட்டிலே கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் ஒரு பெரும் தொழிலின் முன்வாயில். அங்கே திறமையுள்ள மாணவருக்குக் கல்லூரி புலமைப்பரிசில் வழங்கி உணவும் உறையுளும் தந்து ஆடவைக்கின்றது. ஆண்டுதோறும் அந்நாட்டுத் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் தெரிவிலே சுமார் அறுபது பேருக்கே இடம். எஞ்சியோருள் ஆட்டத்தையே பிழைப்பாகக் கொள்ள விரும்புவோர் ஐரோப்பாவிற்கும் ஆசியாவிற்கும் பயணமாகி, மொழி தெரியாத நகரங்களிலே ஒப்பந்த அடிப்படையில் ஆடுகின்றனர். நமது எதிர்வீரசிங்கமும் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலே படித்துக்கொண்டே பாய்ந்தவர்தாம்.

நமது நாட்டிலே அத்தகைய பாதை இல்லை. இங்கே வேறொரு ஏற்பாடு உண்டு. வங்கிகளும் வர்த்தக நிறுவனங்களும் தத்தமக்கு விளையாட்டு அணிகளை வைத்திருக்கின்றன. திறமையுடையோருக்கு உத்தியோகம் கொடுத்து அவ்வணியிலே ஆடச் செய்கின்றன. பகலிலே மேசையிலிருந்து கடமை. மாலையிலே களத்தில் பயிற்சி. தர்ஜினியும் கொழும்புக்கு வந்து செலான் வங்கியின் அணிக்காக ஆடினார். மாதச் சம்பளம் வரும் உத்தியோகம் என்றபடியால் தமிழ்ப் பெற்றோரும் ஓரளவு மனம் ஆறக்கூடிய வழி இது.

கொழும்பு வாழ்க்கை வடக்கிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு எளிதாய் இருந்திராது. களத்தின் மொழி சிங்களம். "இங்கே எறி", "பின்னே வா" என்று மூன்று வினாடிக்குள் கூவும் குரலை அந்த மூன்று வினாடிக்குள்ளேயே விளங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு அகராதி பார்க்க நேரமேது? போர் மூண்டிருந்த அவ்வாண்டுகளிலே தலைநகரில் வாழ்ந்த தமிழரின் நடமாட்டம் எத்தகையதாய் இருந்தது என்பதை நேயர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

2009ஆம் ஆண்டு போர் முடிவுற்றது. வன்னியிலே எண்ணற்ற குடும்பங்கள் முகாம்களில் இருந்த அதே ஆண்டிலே மலேசியாவில் நடைபெற்ற ஆசிய வலைப்பந்தாட்டப் போட்டியிலே இலங்கை வாகை சூடியது. அவ்வணிக்காக வளையத்தடியிலே நின்று பந்தைக் கோலாக்கியவர் யாழ்ப்பாணத்துப் பெண். துயரத்திற்கு அது மருந்தாயிற்று என நாம் கூறமாட்டோம். ஒரு கிண்ணத்தால் அது கூடாது. ஆயினும் நாட்டின் பெயர் பொறித்த ஆடையிலே ஒரு தமிழ்ப் பெயரும் இருந்தது என்பதை அன்று பலர் கண்டனர்.

கடல் கடந்த கழகம்

2011ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற உலகப் போட்டியிலே தர்ஜினியின் எய்தல் பிற நாட்டாரின் கவனத்தையும் ஈர்த்தது. பின்னர் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரிலுள்ள சிற்றி வெஸ்ற் பல்கன்ஸ் என்னும் கழகத்திலே அவர் இடம்பெற்றார். விக்டோரியா மாநிலத்தின் முதன்மையான வலைப்பந்தாட்டத் தொடரிலே ஆடும் கழகம் அது. வலைப்பந்தாட்டத்திலே வெளிநாட்டுக் கழகமொன்றிற்காக இவ்வாறு களமிறங்கிய முதல் இலங்கையர் அவரே எனப் பாராட்டப்பட்டார்.

இங்கே மாணவ நேயர்களுக்கு ஓர் உண்மையைக் கூறியாக வேண்டும். 'வெளிநாட்டில் ஆடுகிறார்' என்றதும் கோடிக்கணக்கிலே பணம் குவிகிறது என எண்ணிவிடுகின்றோம். கிரிக்கெற் வீரரின் கணக்கு வேறு. வலைப்பந்தாட்ட வீராங்கனையின் கணக்கு வேறு. அவுஸ்திரேலியாவிலே 2017ஆம் ஆண்டு தொடங்கிய தேசியத் தொடரிலே எட்டு அணிகளே இடம்பெற்றன. அவற்றில் ஆடுவோர்க்குத்தான் முறையான ஊதியம். அதற்கு அடுத்த படியான மாநிலத் தொடர்களிலே ஆடுவோரிற் பெரும்பாலோர் பகலிலே வேறு தொழில் செய்பவர்கள், அல்லது படிப்பவர்கள். ஆகவே பணத்தை எண்ணி இத்துறைக்கு வருபவர் ஏமாறுவர். வலிமை மிக்க எதிரிகளோடு வாரந்தோறும் மோதும் வாய்ப்பே அங்கு கிடைக்கும் பெருஞ்செல்வம்.

ஏனெனில் உயரம் ஒன்றே போதுமானதன்று. உயரமானவர் வருகிறார் என்றதும் எதிரணியினர் சும்மா இருப்பரோ? ஒருவர் அவருக்கு முன்னேயும் இன்னொருவர் பின்னேயும் நின்று, பந்து அவர் கைக்குப் போய்ச் சேராதபடி வழியை அடைப்பர். உடலோடு உடல் மோதும். அவற்றிடையே நிலை குலையாது காலூன்றி நிற்கவும், எட்டி வரும் பந்தை இரு கைகளாலும் பற்றவும், மூச்சிரைக்கும் வேளையிலும் மணிக்கட்டு நடுங்காது எய்யவும் பழக வேண்டும். பலகையில்லாத அவ்வளையத்திலே சிறிது பிசகினாலும் பந்து வெளியே போய்விடும். நூறுமுறை எய்து தொண்ணூற்றைந்து முறையாவது வளையத்துள் விழச்செய்ய வேண்டுமானால், தனித்து நின்று எத்தனை ஆயிரம் தடவை எய்திருக்க வேண்டும்! பனையைப் பழித்தவர்கள் அதன் வேரைக் கண்டாரில்லை.

மீண்டும் தாய்நாட்டிற்காக

2012, 2014ஆம் ஆண்டுகளிலே ஆசியக் கிண்ணம் சிங்கப்பூருக்கும், 2016இல் மலேசியாவிற்கும் சென்றது. 2018ஆம் ஆண்டு செப்டெம்பரிலே சிங்கப்பூரில் போட்டி நடைபெற்றபோது, அவுஸ்திரேலிய அனுபவத்தோடு தர்ஜினி இலங்கை அணியிலே நின்றார். திலகா ஜினதாசவின் பயிற்சியிலும் சத்துரங்கி ஜயசூரியவின் தலைமையிலும் சென்ற அவ்வணி, இறுதியாட்டத்திலே சிங்கப்பூரை அதன் சொந்த மண்ணில் 69–50 என வென்றது. ஒன்பதாண்டுகளின் பின் கிண்ணம் வீடு திரும்பியது. அவ்வணியிலே யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எழிலேந்தினி சேதுகாவலரும் இருந்தார் என்பது மற்றொரு மகிழ்ச்சி. முன்னே சென்றவரின் அடிச்சுவட்டிலே பின்னொருவர் வருவதுதானே ஒரு பாதைக்கு அடையாளம்!

அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே உலகக் கிண்ணம். சிங்கப்பூருக்கு எதிரான ஆட்டத்திலே இலங்கை 88–50 என வென்றது. அந்த 88 கோல்களுள் 76 தர்ஜினியின் கையிலிருந்து சென்றவை. அப்போது அவருக்கு வயது நாற்பது. எனினும் இலங்கை அப்போட்டியிலே பதினைந்தாம் இடத்தையே பெற்றது. இதனையும் நாம் மறைத்தலாகாது. ஒருவரையே நம்பி ஓர் அணி எவ்வளவு தூரம் செல்ல முடியும்? 88இல் 76 என்பது அவருடைய பெருமை. அவருக்கு அடுத்தவர்களை நாம் இன்னும் போதிய அளவு வளர்க்கவில்லை என்பதற்கு அதுவே சான்றுமாகும்.

2022ஆம் ஆண்டின் துன்பத்தை யார் மறப்பார்? எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மின்வெட்டு. அவ்வாண்டு செப்டெம்பர் 11ஆம் நாள், துபாயிலே நமது கிரிக்கெற் அணி ஆசியக் கிண்ணத்தை வென்றது. அதே நாளிலே சிங்கப்பூரில் நமது வலைப்பந்தாட்ட மங்கையர் சிங்கப்பூரை 63–53 என வென்று தங்கள் ஆறாவது ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றினர். கயாஞ்சலி அமரவன்சவின் தலைமையில் ஆடிய அவ்வணியிலும் தர்ஜினி இருந்தார். வயது நாற்பத்து மூன்று. 2009இல் தன்னோடு ஆடியவர்கள் ஓய்ந்துவிட்ட பின்னரும், தன் மகள் வயதை ஒத்த பெண்களோடு அவர் ஓடினார்.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றைப் படித்ததும், "எமது பிள்ளையும் ஆறடி பத்து அங்குலம் வளர வேண்டுமே!" என்று யாரும் ஏங்க வேண்டியதில்லை. அணியில் எழுவர் உளர். வளையத்தடியில் நிற்பவருக்குப் பந்தை ஊட்டுபவர் விரைவும் கூர்மையும் உடைய சிறிய உருவினராகவும் இருக்கலாம். அவர் எறியும் பந்து தவறினால் உயர்ந்தவர் கை வெறுங்கையே.

பெற்றோரை நாம் கேட்டுக்கொள்வது வேறொன்று. கொழும்புத் தமிழ்ப் பெண்பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயது வரையில் பாடசாலை அணிகளிலே உற்சாகமாய் ஆடுகின்றனர். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் பந்து மூலையிலே வைக்கப்படுகின்றது. மாலை முழுவதையும் ரியூட்டரிகள் எடுத்துக்கொள்கின்றன. பரீட்சை முடிந்த பின்னராவது அப்பந்து மூலையிலிருந்து வெளியே வருகின்றதா? பெரும்பாலும் இல்லை. தர்ஜினியும் படிப்பைக் கைவிட்டவரல்லர். பல்கலைக்கழகம் புகுந்ததனாலேயே அவருடைய ஆட்டமும் முதிர்ந்தது. படிப்பும் ஆட்டமும் ஒன்றையொன்று தின்னும் என்ற எண்ணம் அவருடைய வாழ்விலே பொய்யாயிற்று.

மாணவருக்கு மேலும் ஒரு செய்தி. தேசிய மட்டத்திலே விளையாட்டுத் துறையிற் சிறந்தோருக்குப் பல்கலைக்கழக அனுமதியிலே விசேட ஏற்பாடு ஒன்று உண்டு. உயர்தரப் பரீட்சையிலே வேண்டிய குறைந்தபட்சத் தகுதியைப் பெற்றிருத்தல் அதற்கு அவசியம். இதனை அறியாத பெற்றோர் பலர். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலே எடுத்துரைத்தல் நன்று. பல்கலைக்கழகத்தின் பின்னர் வங்கிகளினதும் நிறுவனங்களினதும் அணிகள் உள்ளன. அதற்கும் அப்பால் கடல் கடந்த கழகங்கள் உள்ளன. படிகள் ஒவ்வொன்றும் சிறியனவே. நடுவிலே ஒரு படியைப் பெற்றோர் அகற்றிவிட்டால் ஏறுவதுதான் இயலாது.

உயர்ந்து வளரும் மகளைக் கண்டு கவலைப்படும் தாய்மாருக்கு இறுதியாக ஒரு சொல். மாப்பிள்ளைக் கவலை இன்றைக்கு வேண்டாம். அவள் தோளைக் குறுக்கி நடப்பதைக் கண்டால், "நிமிர்ந்து நட, பிள்ளை" என்று சொல்லுங்கள். வருகின்ற திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் அவளை நேரே வீட்டிற்கு அழையாது, பந்தெறியும் திடலிலே ஒரு மணி நேரம் நிற்க விடுங்கள்.